இரண்டாவது ஊதல்

தள்ளி உக்காராதீங்க டீச்சர், கொஞ்சம் கிட்டவே வாங்க. இப்ப நான் பேசுறேன்ல, என் வாயிலேருந்து வாடை ஏதாவது வருதா? கூச்சப்படாமச் சொல்லுங்க. வரலைல? அதான். மூக்கு வச்சிருக்கிற மனுசருக்கு வரலை. மெஷினுக்கு மட்டும் வருதாம்.

உங்க பைக்கு ஒண்ணும் ஆகலை. ராஜபாளையம் வண்டியிலதானே விட்டுட்டு இறங்கினீங்க? கண்டக்டர் நேத்தே கொண்டாந்து ஒப்படைச்சுட்டான், நானே பாத்தேன். நீலக் கலர் பை, உள்ள பரீட்சைப் பேப்பர் கட்டு, ஒரு தண்ணி பாட்டில். பத்திரமா இருக்கு. அலமாரிச் சாவி டைம் கீப்பர்கிட்ட. அவரு அந்தா, மேனேஜர் ரூமுக்குள்ள இருக்காரு. என் கேஸுக்குச் சாட்சி சொல்லப் போயிருக்காரு. உங்களுக்கு நேரமாகுதுன்னா அதுக்கும் காரணம் நான்தான். இல்லை, நான் எதுக்கு என்னையச் சொல்லிக்கணும்? தங்கமாரின்னு ஒருத்தன்தான். எல்லாத்துக்கும் அவன்தான் காரணம்.

உங்ககிட்ட பேனா இருக்குல்ல? இருக்கட்டும். பொறவு கேக்குறேன்.

என் பேரு சுந்தரமகாலிங்கம். இந்த டெப்போவுல டிரைவர், இருபத்தெட்டு வருசமா. ஒரு கோழிக்குஞ்சு மேல கூட வண்டி ஏத்துனதில்லை. பீடி கிடையாது, வெத்தலை கிடையாது. குடி? எங்க அப்பா குடிச்சே குடும்பத்தை அழிச்சவரு. அவரைத் தூக்கிட்டு வந்து வாசல்ல போடுவாங்க பாருங்க, அப்ப எனக்கு ஒன்பது வயசு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். குடிக்கிறவன் நிழல் பட்டாலும் எனக்கு ஆகாது.

வேலையில அவ்வளவு சுத்தம். வண்டியைக் கொண்டாந்து விடும்போது அன்னிக்கு வண்டியில என்ன கோளாறுன்னு குறைப் புத்தகத்துல டிரைவர் எழுதணும். மத்தவனெல்லாம் 'பிரேக் மோசம்'னு ரெண்டு வார்த்தை கிறுக்கிட்டுப் போயிருவான். நான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு, அடிக்கோடு போட்டு, கடைசியில 'மேற்படி குறைகளை உடன் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்'னு முடிப்பேன். ஒர்க்‌ஷாப் பசங்க என் பக்கத்தைப் படிச்சுட்டுச் சிரிப்பானுங்க. சிரிச்சுக்கிட்டே என் வண்டியைத்தான் முதல்ல சரி பண்ணுவானுங்க.

நாலு வருசம் முன்னாடி இந்த ஊதுற மெஷின் வந்துச்சு. வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுல செக்யூரிட்டி நீட்டுவாரு. குழாயில வாயை வச்சு ஊதணும். குடிச்சிருந்தா சிவப்பு லைட்டு எரியும், கத்தும். டெப்போ முழுக்கக் கேக்கும் டீச்சர். அடுப்புல பால் பொங்கினாக் கூட அவ்வளவு பேரு திரும்பிப் பாக்க மாட்டாங்க.

அப்ப சங்கத்துக்குக் கிளைச் செயலாளர் தங்கமாரி. அவனும் டிரைவர்தான், என்னைய விடப் பத்து வயசு இளையவன். பதினோரு நாள் டெப்போ கேட்டு வாசல்ல நின்னு கூட்டம் போட்டான். "நாங்க ஊத மாட்டோம்னு சொல்லலை. ஆனா மெஷின் ஒரு தடவை கத்தினதும் குடிகாரன்னு எழுதக் கூடாது. வாயைக் கொப்பளிக்க விடணும், கால் மணி நேரம் உக்கார வைக்கணும், சங்கத்து ஆள் ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருக்கணும், பொறவு மறுபடி ஊதச் சொல்லணும். ரெண்டாவது ஊதலும் கத்தினாத்தான் கேஸு." இதான் அவன் கேட்டது. நிர்வாகமும் கடைசியில ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுச்சு. ஆளாளுக்கு அவனைத் தோள்ல தூக்கினானுங்க.

தூக்க மாட்டானுங்களா? குடிகாரனுக்காக ஒரு குடிகாரன் வாங்கின ரூலு அது. ஆமா டீச்சர், தங்கமாரி பழைய குடிகாரன். அவனே சொல்லுவான், வெக்கமே கிடையாது. "நான் குடிநோயாளிண்ணே. ஏழு வருசமாத் தொடலை. இன்னிக்கும் தொடலை." புதுசா ஒருத்தன் வேலைக்கு வந்தாலும் கையைக் குடுத்துட்டு முதல்ல அதைத்தான் சொல்லுவான். ஒரு மனுசன் தன் அசிங்கத்தை இப்படியா பதக்கம் மாதிரி மாட்டிக்கிட்டுத் திரிவான்?

அந்தக் கூட்டத்துல நான் எந்திரிச்சுக் கேட்டேன். "யோக்கியனுக்கு எதுக்குய்யா ரெண்டாவது ஊதல்?" எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். "என்னிக்காவது தேவைப்படும்ணே"ன்னான். அப்பவே எனக்குச் சாபம் விட்டிருக்கான் பாருங்க.

மாசி வந்தா ரெண்டு வருசமாகுது. சிவராத்திரி விரதம் முடிச்ச மறுநாள். வயிறு கல்லு மாதிரி இருந்துச்சு. என் சம்சாரம் செல்லக்கனி வழக்கமா ராத்திரி குடுக்கிற அரிஷ்டத்தைக் காலையில ரெண்டு மூடி குடுத்தா. நாட்டு மருந்துக் கடையில விக்கிறது, பச்சைப் பிள்ளைக்கே குடுப்பாங்க. குடிச்சுட்டு நேரா டெப்போவுக்கு வந்தேன். ஊதினேன். கத்திருச்சு.

என்னையப் பாத்து. இருபத்தாறு வருசம் பச்சைத் தண்ணி குடிச்சு வண்டி ஓட்டினவனைப் பாத்து. டீக்கடையில நின்னவன், டயர் உருட்டிக்கிட்டிருந்தவன், அத்தனை பேரும் திரும்பிப் பாத்தான். ஒருத்தன் விசிலே அடிச்சான்.

தங்கமாரி ஓடி வந்தான். கையில ஒரு செம்பு தண்ணி. "அண்ணே, ஒண்ணுமில்லை, வாயைக் கொப்பளிங்க. கால் மணி நேரம் நான் கூட உக்காந்திருக்கேன். மறுபடி ஊதுவோம்." எப்படி இருக்கும் எனக்கு? அவன் குடிகாரன், நான் யோக்கியன், அவன் எனக்குத் தண்ணி நீட்டுறான். நான் கொப்பளிச்சா என்ன அர்த்தம்? கழுவ ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஊத மாட்டேன்னுட்டேன். செம்பைத் தட்டி விட்டேன். "மெஷினை வேணும்னாத் திருப்பி ஊதச் சொல்லு"ன்னேன்.

ரூல்படி, மறுத்தா அது குடிச்சதுக்குச் சமானம். அதைச் செக்யூரிட்டி எழுதினாரு. சங்கத்து ஆள் சாட்சிக் கையெழுத்துப் போடணும். தங்கமாரி போட்டான் டீச்சர். 'இரண்டாவது சோதனைக்கு உடன்பட மறுத்தார்.' போட்டுட்டான். நான் மறுத்தது உண்மைதானேன்னு நீங்க கேக்கலாம். உண்மையா இருந்தா? கையெழுத்துப் போட்டுருவானா?

மூணு மாசம் சஸ்பெண்ட். அது கூடப் போகட்டும். அந்த வருசம் எனக்கு விபத்தில்லா ஓட்டுநர் பதக்கம் வர வேண்டியது. இருபத்தஞ்சு வருசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவங்களுக்கு மேடையில கூப்பிட்டுக் குடுக்கிறது. புதுசாக் காக்கி யூனிபார்ம் தைச்சு, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாம பீரோவுல வச்சிருந்தேன். லிஸ்ட்டுல என் பேரை அடிச்சுட்டாங்க. அந்தச் சட்டை இன்னும் அப்படியே இருக்கு. ஒரு நாளும் போட்டதில்லை. அதைப் பாக்கும்போதெல்லாம் தங்கமாரி மூஞ்சிதான் ஞாபகம் வரும்.

சஸ்பெண்ட்ல வீட்டுல கிடந்தப்ப ஒரு நாள் வந்தான். கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்தான், அதை வேற சொல்லணும். ஜன்னல்ல இருந்த அரிஷ்ட பாட்டிலைக் கையில எடுத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். "அண்ணே, இதுல சாராயச் சத்து இருக்கு, பாட்டில்லயே போட்டிருக்கான். நானெல்லாம் இதைப் படிச்சுப் பாக்காமத் தொட முடியாது. அன்னிக்கு இதைக் குடிச்சுட்டா வந்தீங்க? எழுதிக் குடுங்கண்ணே, 'மருந்து என்று நினைத்துக் குடித்தேன்'னு ஒரு வரி. அப்பீல் போட்டு இதை உடைச்சுருவேன்."

என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, என் பொண்டாட்டி கையால குடுத்த மருந்தை, சாராயம்ங்கிறான். குடிகாரன் கண்ணுக்கு எதைப் பாத்தாலும் அதுவாத்தான் தெரியும் போல. 'குடித்தேன்'னு என் கைப்பட எழுதி வாங்கிட்டுப் போய் டெப்போவுல காட்டுறதுக்குத் திட்டம். வெளிய போடான்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினேன். செல்லக்கனி குறுக்க வந்தா, அவளையும் திட்டினேன். அந்தக் கொய்யாப்பழத்தை மாட்டுக்குப் போட்டேன்.

அன்னிக்குத்தான் சபதம் எடுத்தேன். இவனை எழுந்திரிக்க விடக் கூடாது. ஆளை அடிச்சா நாலு நாள்ல ஆறிடும். அவன் எதை நெஞ்சுல வச்சிருக்கானோ அதைப் பிடுங்கணும். எதை வச்சிருக்கான்? அந்த ரெண்டாவது ஊதலை.

டூட்டிக்குத் திரும்பி ஆறு மாசம் பேசாம இருந்தேன். அவன் தினம் "வணக்கம்ணே"ம்பான். நானும் தலையாட்டுவேன். ஆறாவது மாசம் உக்காந்து ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன், தலைமை ஆபீஸுக்கு. பேரு போடலை, ஊரு போடலை, விருதுநகர் போயித்தான் தபால்ல போட்டேன். நான் என்ன முட்டாளா? கோடு போட்ட தாள்ல அழகா எழுதினேன். ஒண்ணு, ரெண்டாவது ஊதல்ங்கிற பேர்ல குடிகாரங்க தப்பிக்கிறாங்க. ரெண்டு, கிளைச் செயலாளர் தனக்கு வேண்டியவனைக் கொப்பளிக்க விட்டுக் காப்பாத்துறாரு. மூணு, அவரே பழைய குடிகாரர், இதனால பயணிகள் உயிருக்கு ஆபத்து. ஒவ்வொண்ணுக்கும் அடிக்கோடு. கடைசியில 'மேற்படி குறைகளை உடன் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அவ்வளவு லட்சணமான மொட்டைக் கடுதாசியை எந்த ஆபீஸும் பாத்திருக்காது.

நிர்வாகம் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்துச்சு போல. ஒரே மாசம். ரூல் ரத்து. ஒரு தடவை கத்தினா முடிஞ்சது, கொப்பளிக்கிறதும் கிடையாது, உக்கார்றதும் கிடையாது. என் கடுதாசி நகலை தங்கமாரிக்கு அனுப்பி விளக்கம் வேற கேட்டாங்க. அடுத்த தேர்தல்ல அவன் தோத்தான். அன்னிக்கு நான் ஒரு கிலோ மிச்சர் வாங்கிட்டுப் போயி டெப்போவுல எல்லாருக்கும் குடுத்தேன். எதுக்குண்ணேன்னு கேட்டானுங்க. பேத்திக்குக் காது குத்துன்னேன். எனக்குப் பேத்தியே கிடையாது.

அவன் அந்த நகலை நாலா மடிச்சுச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டான். பசங்க கேப்பானுங்க, "யாரு எழுதினதுன்னு கண்டுபிடிச்சுட்டியா? கையை ஒடிச்சுருவோம்"னு. "யாரோ மனசு நொந்து எழுதியிருக்காரு, விடு"ம்பான். துப்புக் கிடைக்காமத் திணறுறான்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. ராத்திரி படுத்தா அந்தச் சந்தோசத்துலயே தூக்கம் வரும்.

ஒரே ஒரு தடவைதான் ஒரு மாதிரி இருந்துச்சு. பரமசிவம்னு ஒருத்தன், நல்ல பையன். பல்லைப் பிடுங்கிட்டு, டாக்டர் குடுத்த மருந்தால வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து ஊதினான். கத்திருச்சு. இன்னொரு தடவை ஊதுறேன்னு செக்யூரிட்டி காலைப் பிடிச்சு அழுதான். ரூல் இல்லைன்னுட்டாங்க. தற்காலிகப் பணியாளர், அன்னிக்கே அனுப்பிட்டாங்க. இப்ப ஷேர் ஆட்டோ ஓட்டுறான். என் வண்டியைப் பாத்தா இன்னும் ஒதுங்கி வழி விடுவான். என்ன பண்றது டீச்சர், தங்கமாரியை வெட்டும்போது பக்கத்துல நின்னவன் மேலயும் பட்டுருச்சு.

இப்ப இன்னிக்குக் கதைக்கு வர்றேன். நேத்து மச்சினன் வீட்டுப் பால் காய்ப்பு. வடை, பாயாசம், ரெண்டு பந்தி. காலையில வயிறு உப்பிக் கிடந்துச்சு. செல்லக்கனி ரெண்டு மூடி அரிஷ்டம் குடுத்தா. அவ நீட்டும்போதே "இது வேணுமா"ன்னு கேட்டா. எனக்குக் கோபம் வந்துருச்சு. அந்தப் பய சொன்னதை இவளும் நம்புறாளேன்னு, மூணு மூடியாக் குடிச்சேன்.

ஊதினேன். கத்திருச்சு.

எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் பதினோரு மாசம். ரெண்டாவது தடவை மாட்டினா சஸ்பெண்ட் கிடையாது, டிஸ்மிஸ். குடிச்சதுக்காக டிஸ்மிஸ்னு பேப்பர்ல எழுதித் தருவாங்க டீச்சர். எங்க அப்பனுக்குக் கூட எவனும் பேப்பர்ல எழுதித் தரலை.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வெக்கத்தை விட்டுச் சொல்றேன். "தண்ணி குடுங்கய்யா, கொப்பளிச்சுட்டு இன்னொரு தடவை ஊதுறேன்"னு கேட்டேன். செக்யூரிட்டி என்னையப் பாத்தாரு. "அந்த ரூல் இப்ப இல்லையேண்ணே. எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுக் கெடுத்துட்டானே"ன்னாரு.

அரை மணி நேரமா இந்த பெஞ்சுல கிடக்கேன். தங்கமாரிக்கு இன்னிக்கு வார லீவு. எவன் போன் போட்டானோ, லுங்கியை மாத்திக்கிட்டு ஓடி வந்தான். செயலாளர் கூடக் கிடையாது இப்ப அவன். என்கிட்ட "எத்தனை மணிக்கு ஊதினீங்க, அரிஷ்டமா?"ன்னு மட்டும் கேட்டுட்டு உள்ள போயிட்டான். கதவு இடுக்குல பாத்தேன். பையிலேருந்து அந்தக் கடுதாசியை எடுத்து மேனேஜர் மேசையில விரிச்சு வச்சுக்கிட்டு என்னமோ பேசுறான். எதுக்குப் பேசுவான்? என் கதையை முடிக்கத்தான். ரெண்டு வருசம் காத்திருந்து...

அந்தா வர்றான். நீங்க பேசாம இருங்க டீச்சர்.

என்னடா? ... என்ன எழுதணும்? ... ஏன், டீச்சர் எழுதட்டுமே, அவங்க எழுத்து முத்து மாதிரி இருக்கும். நான் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். ... என் கைப்படத்தானா? ... சரி போ. போன்னு சொல்றேன்ல. எழுதுறேன்.

கேட்டீங்களா? நீங்களும்தானே பக்கத்துல இருந்தீங்க. பேரு இல்லாத ஒரு கடுதாசியை வச்சு, ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ரத்து பண்ணது செல்லாதுன்னு உள்ள வாதாடியிருக்கான். மேனேஜர் இறங்கி வந்துட்டாராம். இன்ன மருந்து குடிச்சேன், மறுபடி ஊத அனுமதிக்கணும்னு நான் கைப்பட எழுதிக் குடுத்தா விடுறாராம். எப்படியும் எதையாவது எழுதித் தரச் சொல்லுவாங்கன்னு தெரியும், இதுக்குத்தான் உங்ககிட்ட பேனா கேட்டது, உங்களையே எழுதச் சொல்லலாம்னு இருந்தேன். என் எழுத்து அந்த மேசை மேல ஏற்கெனவே கிடந்துச்சே டீச்சர்! ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாப் பச்சைப் பிள்ளை கூடச் சொல்லிரும்.

அதுக்கு அவன் என்ன சொன்னான், கேட்டீங்கல்ல? மெதுவாத்தான் சொன்னான். "பயப்படாம எழுதுங்கண்ணே, கடுதாசியை மேசையிலேருந்து எடுத்துட்டு வந்துட்டேன். மேனேஜர் ஊருக்குப் புதுசு, குறைப் புத்தகத்தைப் பாத்ததில்லை. நான்தான் பாத்திருக்கேன்"னான். சொல்லிட்டு இந்த நகலை என் மடியில போட்டுட்டுப் போறான். "இனிமே இது என்கிட்ட எதுக்கு, உங்ககிட்டயே இருக்கட்டும்"னு.

தெரிஞ்சிருக்கு டீச்சர். கடுதாசி வந்த அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே ஒரு வருசத்துக்கு மேல "வணக்கம்ணே, வணக்கம்ணே"ன்னு. நெஞ்சுக்கு நேரா பையில வச்சுக்கிட்டு. பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கையை ஒடிச்சிருப்பானுங்க. சொல்லலை. எவ்வளவு வஞ்சம் பாருங்க! நான் ஒரு கடுதாசியில முடிச்சுட்டேன். இவன் ஒரு வருசத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா என்னைய அடிச்சிருக்கான், எனக்கே தெரியாம. இவனை நான் சும்மா விட மாட்டேன். ரிட்டயர் ஆகட்டும், பொறவு பாக்குறேன்.

பேனாவைக் குடுங்க. 'நான் இன்று காலை அரிஷ்டம்...' சாப்பிட்டேன்னு போடலாமா? வேணாம்ங்கிறீங்களா? சரி. 'குடித்தேன்.' போட்டாச்சு. வழக்கமா முடிவுல எழுதுறதை எழுதலை. கை அதுபாட்டுக்கு 'மேற்படி'ன்னு போகுது, பிடிச்சு நிறுத்தியிருக்கேன்.

டைம் கீப்பர் வந்துட்டாரு, உங்க பை வந்துருச்சு. அந்தத் தண்ணி பாட்டிலை மட்டும் கொஞ்சம் குடுங்க டீச்சர். வாயைக் கொப்பளிக்கணும்.

கிளம்பாதீங்க. கொஞ்ச நேரம் இருங்க. பழைய ரூல்படியே நடக்கட்டும்னு மேனேஜர் சொல்லிட்டாராம். கால் மணி நேரம் அவன் இந்த பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்திருக்கணும். வர்றான் பாருங்க. நீங்க நடுவுல உக்காருங்க.